தாடை, இடப்பக்கம், மேடு ஒன்று

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கெல்லாம் அரைமில்லியின் முகம் தயாராகிவிட்டது. அது அவளுடைய முகம்தான் என்று நிரூபிக்கிற வேலை மட்டும் பாக்கி இருந்தது.

அரைமில்லி என்பது அவளுக்குக் கண்ணாடிக் கடையில் விழுந்த பெயர். மூக்குக்கண்ணாடி போட வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சின்ன அளவுகோலால் அளந்து எழுதுவது அவள் வேலை. அளந்து முடித்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அரை மில்லி தள்ளியிருக்கு" என்பாள். எல்லாருக்கும் ஏதோ ஒன்று அரை மில்லி தள்ளித்தான் இருந்தது. ஏழு வருஷத்தில் ஒரு நேரான முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒருவருக்கு ஒரு காது மேலே ஏறியிருக்கும். இன்னொருவருக்கு மூக்குத்தண்டு வலப்பக்கம் எதையோ தேடிக்கொண்டு போயிருக்கும். மிடுக்காக வந்து உட்கார்ந்த ஒரு வக்கீலுக்கு ஒரு கண் இன்னொரு கண்ணைவிட நிதானமாக இருந்தது. அவள் யாரையும் குறை சொன்னதில்லை. ஃபிரேமைச் சூடான மணலில் ஒரு நிமிஷம் புதைத்து எடுத்து, கட்டைவிரலால் லேசாக வளைத்து மாட்டிவிடுவாள். கோணல் முகத்தில் கண்ணாடி சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

கப்பல் சமையல்காரன் அப்படி வந்தவன்தான். கொதிக்கிற பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடி நழுவி உள்ளே குதிக்கப் பார்க்கிறது என்பது அவன் புகார்.

"என் காது கோணலுங்க. சின்ன வயசுலேருந்து எல்லாரும் கேலி பண்ணுவாங்க" என்றான்.

அவள் அளந்து பார்த்தாள். "காது கோணல் இல்ல. ஃபிரேம் ரொம்ப நேரா இருக்கு, அவ்வளவுதான்."

தன் காதைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தையை அவன் அதுவரை கேட்டதில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதத்தில் அந்தக் கண்ணாடி ஒன்பது தடவை தளர்ந்துபோனது.

இப்போது அவன் வேலை பார்க்கும் கப்பல் மறுநாள் காலை கிளம்புகிறது. கிளம்பினால் திரும்பி வர இரண்டு வருஷம். கப்பல் கம்பெனியின் விதி எளிமையானது. மனைவி என்று சான்றிதழ் இருந்தால் கூடவே ஏறலாம். மற்றபடி யாராக இருந்தாலும் கரையில் நின்று கை ஆட்டலாம். கல்யாணத்துக்கு அவர்களுக்குப் பதினோரு மணி ஒதுக்கியிருந்தார்கள். அது தவறினால் அடுத்த நேரம் ஏழு மாதம் கழித்து. அப்போது மாப்பிள்ளை நடுக்கடலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான்.

நேரம் ஒதுக்கியது மணமகள் முகத்தோற்ற வாரியம். அது பிறந்த கதை ஊருக்கே தெரியும். ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் எழுந்து, எதிரே வந்த பெண்ணைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டான். அவள் முகம் கழுவியிருந்தாள், வேறொன்றும் இல்லை. ஆனால் அவன் புகார் எழுதிப் போட்டான். புகாரை விசாரிக்கக் குழு போட்டார்கள். குழு பதினோரு வருஷம் உட்கார்ந்து, 'மணநாள் முகமும் மறுநாள் முகமும்' என்று எழுநூறு பக்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. அதற்குள் அந்தத் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, புகார் எழுதியதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். அறிக்கையை யாரும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு மணப்பெண்ணும் கல்யாணத்துக்கு நாற்பது நாள் முன்னால் முழு மேக்கப்போடு வாரியத்துக்குப் போய் 'ஒத்திகை முகம்' காட்ட வேண்டும். அதைப் புகைப்படம் எடுத்து, பக்கத்தில் குறிப்பெழுதி, முத்திரை குத்திக் கோப்பில் வைப்பார்கள். கல்யாணத்தன்று அதே முகத்தோடு வர வேண்டும். கீழ்த்தளத்தில் முகம் பொருந்தினால் இரண்டாம் மாடியில் கல்யாணம். பொருந்தாவிட்டால் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். மாப்பிள்ளைகளுக்கு இந்த வம்பு கிடையாது. அவர்கள் முகத்தைப் பற்றி யாருக்கும் எதிர்பார்ப்பு இல்லை என்று அறிக்கையின் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது.

ஒன்பது மணிக்கு அரைமில்லி வாரியத்தின் வாசற்படி ஏறினாள். ஒரு பக்கம் அவள் சித்தி. அம்மா இல்லாத பெண்ணை வளர்த்தவள். அதனால் யாரிடமும் பேசுகிற உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவள். இன்னொரு பக்கம் பார்லர் அக்கா, தச்சரின் கருவிப்பெட்டி மாதிரி ஒரு கனத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

"சிரிக்காத. பேசாத. தும்மல் வந்தா மேல பார்த்து முழுங்கிடு. தண்ணி வேணும்னா ஸ்ட்ரா வெச்சிருக்கேன்" என்று அக்கா காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள். "மூணு மணி நேர வேலைடி தங்கம் இது. ஒத்திகைல என்ன போட்டேனோ அதே. ஒரு இமை மயிர்கூட அதிகமும் இல்ல, குறைவும் இல்ல."

உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: 'இயல்பாக இருங்கள். அனுமதி பெற்ற பின்.'

முதுநிலை முக ஆய்வாளர் ஒல்லியான மனிதர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. மூக்கில் வேறு ஒரு கண்ணாடி. அது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை நழுவியது, அவர் ஒவ்வொரு தடவையும் அதை மேலே தள்ளினார். இடது காது மேலே இருக்கு, ஃபிரேமை வளைக்கணும் என்று அரைமில்லியின் விரல்கள் துறுதுறுத்தன. அவர் அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, 'நியாயமான வெளிச்சம்' என்று பெயர் எழுதி ஒட்டிய விளக்கைப் போட்டார். கோப்பைத் திறந்தார். பக்கத்து மேசைக்காரரைப் பார்ப்பது மாதிரி அக்கறையில்லாமல் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார்.

"முகபாவம்" என்று வாசித்தார். "ஆச்சரியம். அளவு, நடுத்தரம்."

அரைமில்லிக்குப் புரியவில்லை.

"ஆச்சரியப்படுங்க."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு கோப்புல இல்ல. அளவு மட்டும்தான் இருக்கு."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒத்திகையன்று புகைப்படம் எடுத்த அந்த நொடியில் அடுத்த அறையில் யாரோ ஒரு டீ கிளாஸைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தம் அவள் புருவத்தில் ஏறி, புருவத்திலிருந்து கோப்பில் ஏறியிருந்தது. அவள் புருவத்தைத் தூக்கினாள்.

"கொஞ்சம் அதிகம். இது அதிர்ச்சி. அதிர்ச்சிக்கு வேற படிவம்."

"உங்களைப் பார்த்தா எல்லாருக்கும் அதிர்ச்சிதான் வரும். அவ என்ன பண்ணுவா பாவம்" என்றாள் சித்தி.

"பாராட்டு, புகார் ரெண்டுமே எழுத்துல குடுக்கணும்மா" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர், புருவம் சரியான இடத்துக்கு வந்ததும் கை காட்டினார். "இதே. இப்படியே இருங்க. கல்யாணம் முடியற வரைக்கும்."

அரைமில்லி நடுத்தர ஆச்சரியத்தில் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப்போனால் அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

"அடுத்தது நிறம்." அவர் புகைப்படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நீங்க நீலமா இல்லையே."

பார்லர் அக்கா கழுத்தை நீட்டிக் கோப்பைப் பார்த்தாள். நாற்பது நாளில் புகைப்படம் வெயிலில் வெளுத்து, சிவப்பெல்லாம் ஓடிப்போய், நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"சார், இது போட்டோ வெளுத்திருக்கு சார். ஜன்னல் பக்கத்துல வெச்சிட்டீங்க."

"கோப்பு இருந்தது சரியான இடத்துலதான். ஏழாம் அலமாரி. நாங்க வெச்சப்ப அங்க ஜன்னல் கிடையாது. ஜன்னல் பிற்பாடு வந்தது. அது வேற துறை."

"அதுக்காகப் பொண்ணை நீலமாக்கச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நான் மனுஷனா சொல்லணும்னா பொண்ணு நல்லா இருக்கா. ஆனா இந்த நாற்காலியில நான் மனுஷனா உக்காரலயே" என்றார் ஆய்வாளர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். கண்ணிமைக்குப் பூசுகிற நீலத்தைத் தண்ணீரில் கரைத்து, பஞ்சால் தொட்டுத் தொட்டு, கன்னத்தில், நெற்றியில், மூக்கு நுனியில் ஏற்றினாள். மூன்று மணி நேர வேலை, கண்ணெதிரே ஒரு மழைக்கால மாலை மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது.

"போதும் நிறுத்து. மாலை போடறதா, மலர்வளையம் வைக்கறதான்னு வர்றவங்க குழம்பப் போறாங்க" என்றாள் சித்தி.

சுவர்க்கடிகாரம் பத்தைத் தொட்டது. ஆய்வாளர் 'நிறம், சரி' என்று எழுதிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றார். தாடையின் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மறுபடி இடப்பக்கம் வந்தார்.

"மேடு எங்க?"

"என்ன மேடு?"

அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். எழுத்து அழகாக இருந்தது. 'தாடை, இடப்பக்கம், மேடு ஒன்று.' அதன் மேல் சிவப்பு மையில் ஒரு முத்திரை: 'நிலையானது.'

ஒத்திகையன்று அவள் தாடையில் ஒரு பரு இருந்தது உண்மை. கல்யாணக் கவலையில் வந்தது. அக்கா அதன்மேல் மூன்று அடுக்குப் பூசி நிறத்தை மறைத்துவிட்டாள். மேட்டை மறைக்க முடியவில்லை. நியாயமான வெளிச்சம் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

"அது பரு சார். போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"பரு எங்க சார் போகும்? வரும், போகும்."

"வந்தது பதிவாயிருக்கு. போனது பதிவாகலயே."

"பருவுக்குப் போய் நிலையானதுன்னு யாராவது முத்திரை குத்துவாங்களா?" என்று சித்தி எகிறினாள்.

ஆய்வாளர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார். முகக்குறிகளுக்கு வாரியத்தில் இரண்டு முத்திரைகள் உண்டு. ஒன்று 'நிலையானது', இன்னொன்று 'தற்காலிகம்'. 'தற்காலிகம்' முத்திரையின் கைப்பிடி உடைந்து போன வருஷமே ரிப்பேருக்குப் போனது. முத்திரை குத்தாத குறிப்பு செல்லாது. ஆகவே அது திரும்பி வரும் வரைக்கும் எல்லாமே நிலையானதுதான். "போன மாசம் ஒரு பொண்ணு, ஒத்திகையன்னைக்கு இமை மேல கட்டியோட வந்தாங்க. அதுவும் நிலையானது. கல்யாணத்தன்னைக்குப் பஞ்சை உருட்டி இமைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்தாங்க. சமத்து. ஒரு கேள்வி கேக்கல."

அரைமில்லி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே கால். இரண்டாம் மாடியில் அவன் காத்துக்கொண்டிருப்பான், துவைத்த சட்டையில், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு. நாளைக் காலை இந்த நேரம் கப்பலின் பின்புறம் தெரியும். இரண்டு வருஷம். அவள் புருவத்தை நடுத்தரத்திலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, ஒரு பரு செய்."

பதினெட்டு வருஷ அனுபவத்தில் பார்லர் அக்கா எத்தனையோ பருவை மறைத்திருக்கிறாள். ஒன்றைக்கூடச் செய்ததில்லை. மெழுகை விரலில் உருட்டி, பசை தடவி ஒட்டினாள். உள்ளே ஒரு துளி சிவப்பு வைத்து, மேலே நீலம் பூசினாள். தொழிலில் பொய் சொல்லத் தெரியாதவள். செய்வதை ஒழுங்காகச் செய்தாள். பரு தத்ரூபமாக இருந்தது.

ஆய்வாளர் ஒரு சின்னக் கருவியை வைத்து அளந்தார். "உயரம் கூடுதல்."

அரைமில்லி அக்காவின் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். வருஷக்கணக்கான பழக்கம், தலை தானாகச் சாய்ந்தது. "ஆமாக்கா. அரை மில்லி கூட இருக்கு."

"நீ யார் பக்கம்டி?" என்றாள் அக்கா. ஆனால் சீவினாள். இரண்டாவது பரு தாழ்வு. மூன்றாவது சரியான உயரம், ஆனால் இரண்டு மில்லி காதுப் பக்கம் தள்ளி. நான்காவது பொருந்தியது. பத்து இருபத்தைந்து.

அந்த நேரம் பார்த்து வாரியத்தின் இயக்குநர் வந்தார். தினம் பத்தரைக்கு ஒரு சுற்று வந்து பொதுமக்களிடம் நாலு வார்த்தை பேசுவது அவர் வழக்கம். பொதுமக்கள் என்று அங்கே மூன்று பேர்தான் இருந்தார்கள். அவர் முந்நூறு பேர் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசினார்.

"வெளியில தப்பாப் பேசறாங்க. நாங்க அழகுக்கு விரோதின்னு. கிடையவே கிடையாது. அழகைப் பத்தி இந்த வாரியத்துக்கு எந்தக் கருத்தும் இல்ல. எனக்கு முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். இதுவரைக்கும் ஒரு மணப்பெண் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்ல. கோப்பைத்தான் பார்ப்பேன். நேர்மைன்னா அதான். என் வீட்டையே எடுத்துக்குங்க. எங்க கல்யாணத்தன்னைக்கு எடுத்த என் மனைவி போட்டோ என் மேசை மேல இருக்கு. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போறேன். ஒரு அம்மா வந்து கதவைத் திறக்கறாங்க. பொருந்தல. கொஞ்சம்கூடப் பொருந்தல. ஆனாலும் பெருந்தன்மையா உள்ள போறேன். இருபத்தாறு வருஷமா போறேன்."

"அந்தம்மாவும் பெருந்தன்மையாத்தான் திறக்கறாங்க" என்றாள் சித்தி.

"ரொம்ப நன்றி" என்றார் இயக்குநர். எதிரே சொல்வதைக் கவனிக்காமல் நன்றி சொல்வது அவருக்குப் பழகியிருந்தது.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். முகபாவம் சரி, நிறம் சரி, மேடு சரி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

சமையல்காரனுக்கு மேலே இருப்புக்கொள்ளவில்லை. சான்றிதழுக்கு முன்னால் மாப்பிள்ளை கீழே இறங்கக் கூடாது என்று படிக்கட்டில் எழுதியிருந்தது. ஆனால் அதை மேலே ஏறுகிறவர்கள் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான், முக்காலியில் இருந்தவளைப் பார்த்தான், அப்படியே நின்றான்.

ஆள் நீலமாக இருந்தாள். கண் அகன்று, புருவம் மேலே ஏறியிருந்தது. தாடையில் ஏதோ வீங்கியிருந்தது. பதினாலு வருஷம் கப்பலில் சமைத்தவனுக்கு இது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்ன சாப்பிட்ட?" என்று பாய்ந்து வந்தான். "மீனா? கெட்டுப்போன மீனா? நாக்கை நீட்டு. மூச்சு விட முடியுதா? சித்தி, தண்ணி குடுங்க, உப்புத் தண்ணி!"

"ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். தொடாத" என்றாள் அவள், ஆச்சரியம் குறையாமல். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையை யார் நம்புவார்கள்? அவன் கைக்குட்டையை நனைத்து, தாடையை ஒரே துடையாகத் துடைத்தான்.

பரு கைக்குட்டையோடு வந்துவிட்டது. பாதி நீலமும் வந்துவிட்டது.

சமையல்காரன் கைக்குட்டையைப் பிரித்து உள்ளே பார்த்தான். "இது என்ன?"

"பதிவான மேடு" என்றார் ஆய்வாளர், துக்கமாக.

பார்லர் அக்கா பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மெழுகு தீர்ந்துவிட்டது. நீலம் இருந்த கிண்ணத்தைத் துடைத்துப் பார்த்தாள், அடி தெரிந்தது. அவள் பெட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட ஒண்ணுமே இல்ல தங்கம். பவுடர் மட்டும்தான் இருக்கு."

மணி பத்து முப்பத்தைந்து. ஆய்வாளர் பேனாவை மூடி, "ஏழு மாசம் ஒண்ணும் பெரிசில்ல. அதுக்குள்ள இயற்கையாவே ஒண்ணு வரலாம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

அரைமில்லி எழுந்தாள். மூலையில் ஒரு குழாய் இருந்தது. போய்க் குனிந்தாள். நீலம் போயிற்று, அதன் கீழே இருந்த மூன்று மணி நேரம் போயிற்று, ஒட்டிய இமை மயிர் ஒன்று சாக்கடையை நோக்கிப் போயிற்று. ஆச்சரியமும் போய்விட்டது. நிமிர்ந்தபோது மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அழுகிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

"இப்பதான் நீ மாதிரி இருக்க" என்றான் சமையல்காரன். தான் செய்த காரியம் அவனுக்கு அப்போதுதான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி நின்றது.

அவள் பழக்கத்தில் அவன் கண்ணாடியைக் கழற்றி, கம்பியைக் கட்டைவிரலால் வளைத்து, மறுபடி மாட்டினாள். மாட்டிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், எங்க கடையில ஒருத்தருக்கு ஃபிரேம் பொருந்தலைன்னா, நாங்க அவர் மூக்கை வளைக்க மாட்டோம்."

"சரி?"

"ஃபிரேமைத்தான் வளைப்போம். முகம் போட்டோவுக்குப் பொருந்தலைன்னா, போட்டோவுக்கு மேக்கப் போடலாமா?"

ஆய்வாளர் சிரிக்கப்போனார். சிரிப்பதற்கு முன்னால், பழக்கத்தில், விதிப்புத்தகத்தை எடுத்தார். புகைப்படம் பற்றி மூன்று விதிகள் இருந்தன. கிழிக்கக் கூடாது. மடிக்கக் கூடாது. எச்சில் தொட்டுத் திருப்பக் கூடாது. வேறு எதுவும் இல்லை. அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் புத்தகத்தை வாங்கி, மேக்கப் பற்றிய விதியைத் தேடி எடுத்து, கணீரென்று வாசித்தார்: "'மணமகளின் முகம் இந்த வளாகத்தில் எங்கு இருப்பினும், முற்பகல் பத்து ஐம்பத்தைந்து வரை அதற்குத் திருத்த ஒப்பனை செய்துகொள்ளலாம்.'"

அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது தாழ்வாரமும் மாடிப்படியும்தான். ஆனால் எழுதியது எழுதியதுதான்.

"இந்த வளாகத்துல மணமகளின் முகம் ரெண்டு இடத்துல இருக்கு" என்றார் இயக்குநர் யோசனையோடு. "ஒண்ணு குழாய்கிட்ட. இன்னொண்ணு கோப்புல. வாரியத்துக்குச் சொந்தமானது கோப்புல இருக்கறது. அதுக்குத்தான் முன்னுரிமை."

பார்லர் அக்கா தரையிலிருந்து எழுந்த வேகத்தைப் பார்த்து சித்தி ஒதுங்கிக்கொண்டாள். புகைப்படத்தை நியாயமான வெளிச்சத்தில் வைத்தார்கள். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும் அந்த முகம். இருப்பதிலேயே சன்னமான தூரிகையைப் பவுடரில் தொட்டு, அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தாடைமேல் ஒரு புள்ளி வைத்தாள். மேடு மறைந்தது.

மறைந்த இடம் மட்டும் நீலம் இல்லாமல் பளிச்சென்று தெரிந்தது. அதனால் கன்னத்துக்கும் பூசினாள். இரண்டு கன்னமும் சரியானதும் நெற்றி நீலமாகத் தெரிந்தது. நெற்றிக்குப் பூசினாள். "புருவத்தைக் கொஞ்சம் இறக்குக்கா" என்றாள் அரைமில்லி. புருவத்தை இறக்கப்போன இடத்தில் கண் கொஞ்சம் கலைந்தது. கண்ணைச் சரிசெய்யப்போய் மூக்கு. மணி பத்து ஐம்பத்திரண்டு. அக்கா தூரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பஞ்சில் பவுடரை அள்ளி மொத்தமாக ஒரு ஒற்று ஒற்றினாள்.

கையை எடுத்தபோது, தலைமுடி இருந்தது. கழுத்து இருந்தது. நடுவில் வழவழவென்று, மேடு பள்ளம் இல்லாமல், தோல் நிறத்தில் ஒரு முட்டை வடிவம் இருந்தது.

"ஐயோ" என்றாள் அக்கா.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். நிமிர்ந்து அரைமில்லியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். அவர் முகத்தில், சர்வீஸிலேயே முதல் தடவையாக, நடுத்தர ஆச்சரியம் தெரிந்தது.

"போட்டோவுல மேடு இல்ல. இவங்களுக்கும் இல்ல."

"நீலம்?" என்றார் இயக்குநர்.

"இல்ல. இவங்களுக்கும் இல்ல. ஆச்சரியம் இல்ல. இவங்களுக்கும் இல்ல. சார், கோப்புல இருக்கற ஒண்ணுகூட முகத்துல இல்லாம இல்ல."

"ஆனா மூக்கு?" என்று சமையல்காரன் ஆரம்பித்தான். சித்தி அவன் காலை மிதித்தாள்.

"முகத்துல இருக்கற எல்லாம் கோப்புல இருக்கணும்னு விதி கிடையாது தம்பி" என்றார் ஆய்வாளர். "கோப்புல இருக்கறது முகத்துல இருந்தாப் போதும். இந்த வாரியத்துல இவ்வளவு சுத்தமா ஒரு முகம் பொருந்தி நான் பார்த்ததில்ல." பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: 'முகம், ஒன்று. வேறுபாடு, இல்லை.' கையெழுத்துப் போட்டபோது மணி பத்து ஐம்பத்தைந்துக்கு அரை நிமிஷம் இருந்தது.

நால்வரும் மாடிப்படியில் ஓடினார்கள். வழியில் தன் முறைக்காகக் காத்திருந்த வேறொரு மணப்பெண்ணின் அம்மா, ஈர முகத்தோடு ஓடுகிற அரைமில்லியைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு இயல்பா இருக்கு! மேக்கப் யாரு?" என்று கேட்டார். பார்லர் அக்கா ஒரு படி தயங்கினாள். பிறகு, "நான்தான்" என்று சொல்லித் தன் கார்டை அவர் கையில் திணித்துவிட்டு மீண்டும் ஓடினாள்.

இரண்டாம் மாடியில் கல்யாணம் நான்கு நிமிஷத்தில் முடிந்தது. இயக்குநர்தான் நடத்திவைத்தார், கோப்பைப் பார்த்துக்கொண்டே. பவுடர் பூசிய புகைப்படத்தைச் சான்றிதழில் ஒட்டினார்கள். ஆய்வாளர் முத்திரையை மையில் அழுத்தி, அதன் கீழே ஓங்கிக் குத்தினார்.

சமையல்காரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை வாசித்தான். "'நிலையானது'ன்னு போட்டிருக்கு!" என்றான்.

"வேற வழி இல்ல தம்பி" என்றார் ஆய்வாளர். "இன்னொண்ணு ரிப்பேர்ல இருக்கு."

மறுநாள் காலை துறைமுகத்தில் கப்பல் ஏறுகிற இடத்தில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். சான்றிதழை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அந்த வழவழப்பான முட்டை வடிவத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அரைமில்லியைப் பார்த்தார். கையெழுத்துகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன.

"தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அரைமில்லி அப்போது தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள். நேற்று தேய்த்த தேய்ப்புக்கு இன்று காலையே வந்துவிட்டது. இந்தத் தடவை வலப்பக்கம். கடுகளவுதான். சமையல்காரன் அதைக் கவனித்துவிட்டான். முகத்தில் கவலை படர, அவள் காதருகே குனிந்தான்.

"இங்க ஏதோ ஒரு மேடு..."

"வாயைத் திறக்காத" என்றாள் அவள் புன்னகை மாறாமல், ஏதோ யோசிக்கிறவள் மாதிரி தாடையைக் கையால் மூடிக்கொண்டு. "முதல்ல கப்பல் கிளம்பட்டும்."